பழைய வீட்டை வாங்கும் முன்: ஆறிய தழும்பா, ஆறாத புண்ணா?

நகரின் பழைய குடியிருப்புப் பகுதி ஒன்றில், சுமார் 60 ஆண்டுகளுக்கு முன் கட்டிய மாடி வீடு ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. செங்கல் சுவர், கான்கிரீட் தளம், அண்மையில் வண்ணம் பூசியிருக்கிறார்கள், ஆனாலும் இரண்டு அறைகளில் விரிசல் தெரிகிறது. இதை வாங்கலாமா, பின்னாளில் மேலே இன்னொரு மாடி எழுப்ப முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வாங்குவோருக்காகப் பழைய வீடுகளைச் சோதித்துச் சொல்லும் வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்துவரும் கட்டுமானப் பொறியாளன் என்ற முறையில், ஒரு வீட்டில் நான் எதைப் பார்ப்பேனோ, எதற்கு எவ்வளவு எடை கொடுப்பேனோ அதையே இங்கே எழுதுகிறேன்.

60 ஆண்டு வெயிலிலும் மழையிலும் நின்ற கட்டடத்தில் குறையே இல்லை என்று ஒருவர் சொன்னால், அவர் சரியாகப் பார்க்கவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். குறைகள் இருக்கத்தான் செய்யும். அவற்றில் ஒவ்வொன்றும் எப்போதோ நடந்து முடிந்துபோனதா, இன்றும் நடந்துகொண்டிருக்கிறதா என்று பிரித்தறிவதில்தான் மதிப்பீட்டின் முழு வேலையும் அடங்கியிருக்கிறது. ஆறிப்போன தழும்புகளோடு ஒரு வீடு இன்னும் பல பத்தாண்டுகள் நிற்கும். ஆறாத புண் கடுகளவே இருந்தாலும், வாங்கியவரின் சேமிப்பை ஆண்டுதோறும் தின்றுகொண்டே இருக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் பார்க்கப்போன ஒரு வீட்டில், மாடி அறைக் கதவின் மேல்விளிம்பு ஒரு பக்கமாக விரற்கடை அளவுக்குச் சரிவாக இழைக்கப்பட்டிருந்தது. நிலை சாய்ந்திருக்கிறது, கதவு சிக்கியிருக்கிறது, அதனால் இழைத்திருக்கிறார்கள் என்பது பார்த்ததும் புரிந்தது. வாங்க வந்த தம்பதியர் முகம் வாடிவிட்டது. நாற்காலி போட்டு ஏறி அந்த விளிம்பை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். இழைத்த மரத்தின் மேல் பச்சை, அதன் மேல் வெளிர்நீலம், அதன் மேல் பழுப்பு என மூன்று முறை பெயின்ட் ஏறியிருந்தது. அதாவது, சுவர் இறங்கியதும் கதவை இழைத்ததும் பச்சை நிறத்துக்கு முந்தைய காலத்தில் நடந்தவை. அதற்குப் பிறகு யாரும் அந்தக் கதவை மறுபடி இழைக்க வேண்டியிருக்கவில்லை, அன்றும் அது தடையில்லாமல் சாத்தியது. அந்த வீட்டைத் தயங்காமல் வாங்கச் சொன்னேன். வேறொரு வீட்டில் இதே போன்ற விளிம்பு பெயின்ட்டே காணாமல் வெறும் மரமாக வெளுத்துத் தெரிந்தது. அங்கே நான் அதற்கு மேல் எந்த அறையையும் பார்ப்பதற்கு முன், அஸ்திவாரம் ஏன் இறங்குகிறது என்று தேடத் தொடங்கினேன்.

உங்கள் வீட்டு விரிசல்களையும் இதே கண்ணோடு பாருங்கள். விரிசலின் ஓரங்கள் மழுங்கி, உள்ளே தூசியும் பழைய பெயின்ட்டும் படிந்திருந்தால் அது பழையது. ஓரங்கள் கூர்மையாக, உள்ளே செங்கலின் நிறம் புதிதாகத் தெரிந்தால் அண்மையது. ஒருமுறை பட்டி பார்த்து அடைத்த இடமே திரும்பவும் பிளந்திருந்தால் அது இன்னும் உயிரோடு இருக்கும் விரிசல், மூன்றிலும் மோசமானது. அகலத்தையும் அளந்து பார்க்க வேண்டும். பிரிட்டனின் கட்டட ஆராய்ச்சி நிலையம் வகுத்த அளவுகோலைப் பொறியாளர்கள் பரவலாகப் பயன்படுத்துகிறார்கள்: 1 மில்லிமீட்டர் வரை உள்ள விரிசல் பூச்சு வேலையோடு போய்விடும், 5 மில்லிமீட்டர் வரை நிரப்பிச் சரிசெய்யலாம், 5 முதல் 15 வரை என்றால் கதவு, ஜன்னல்கள் சிக்கத் தொடங்கும், சுவரில் சில இடங்களைப் பிரித்துக் கட்ட வேண்டிவரலாம், 15-ஐத் தாண்டினால் பெரும் பழுது, 25-ஐத் தாண்டினால் கட்டடமே நிலைகுலையும் அபாயம் உண்டு. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசல், படிக்கட்டு போலச் செங்கல் இணைப்புகள் வழியே இறங்கும் விரிசல் ஆகியவை அடித்தளம் சீரற்று இறங்குவதைக் காட்டுபவை. அதே விரிசல் மேலே அகலமாக இருந்தால் சுவரின் ஓரங்கள் இறங்குகின்றன என்றும், கீழே அகலமாக இருந்தால் நடுப்பகுதி இறங்குகிறது என்றும் பொதுவாகக் கொள்ளலாம். எங்கே குழி தோண்டிப் பார்க்க வேண்டும் என்பதை இதுவே காட்டிக்கொடுக்கும்.

தரையில் கோலிக்குண்டை உருட்டிச் சரிவு பார்ப்பவர்கள் உண்டு. அதை நான் நம்புவதில்லை, ஏனெனில் தரையைப் போடும்போதே தண்ணீர் ஓடுவதற்காகச் சரிவு கொடுத்திருக்கலாம், பின்னால் மாற்றியும் போட்டிருக்கலாம். கட்டிய கொத்தனார் ரசமட்டம் வைத்துக் கட்டிய கோடு ஒன்றைத் தேட வேண்டும்: வெளிச்சுவரின் செங்கல் வரிசை, ஜன்னல்களின் அடிமட்டம், தளத்துக்குக் கீழே ஓடும் பட்டை போன்றவை. டியூப் லெவலை (நீர் நிரப்பிய, ஒளி ஊடுருவும் குழாயை) வைத்து அந்தக் கோட்டை இரு முனைகளிலும் அளந்தால், 60 ஆண்டில் எந்த மூலை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அரைமணி நேரத்தில் தெரிந்துவிடும்.

சீரற்ற இறக்கத்துக்குக் காரணங்கள் பெரும்பாலும் மூன்று. களிமண் நிலம் ஈரத்தில் உப்பி, வறட்சியில் சுருங்கும். பக்கத்தில் பெரிய மரம் இருந்தால் அதன் வேர் நீரை உறிஞ்சி அந்தச் சுருக்கத்தை அதிகமாக்கும். (அதற்காக வாங்கியவுடன் மரத்தை வெட்டிவிடக் கூடாது; நீர் உறிஞ்சுவது நின்று மண் உப்பி எழுந்தால், புதிதாக வேறு விரிசல்கள் வரும்.) இரண்டாவது, பூமிக்கடியில் உடைந்த கழிவுநீர்க் குழாய் ஆண்டுக்கணக்கில் கசிந்து, அஸ்திவாரத்தின் அடியிலிருந்து மண்ணை அரித்துச் செல்வது. மூன்றாவது, பழைய வீட்டோடு ஒட்டிப் பின்னால் கட்டிய அறை. பழைய பகுதி தன் பாரத்தில் எப்போதோ அமர்ந்துவிட்டது, புதிய பகுதி பிறகு அமர்கிறது; இரண்டும் சேரும் கோட்டில் நேர்குத்தாக விரிசல் விழும். பார்க்க அச்சமூட்டினாலும் இந்த மூன்றாம் வகையே பெரும்பாலும் தீங்கற்றது.

அடுத்து கான்கிரீட் தளம். 60 ஆண்டு வீட்டில் என் கவலை முழுவதும் இங்கேதான் இருக்கும், ஆகவே இதைச் சற்று விரித்துச் சொல்கிறேன். புதிய கான்கிரீட் கடும் காரத்தன்மை உடையது, அதன் பி.எச். அளவு 12.5-ஐத் தாண்டும்; அந்தக் காரத்தில் உள்ளிருக்கும் கம்பி துருப்பிடிப்பதில்லை. காற்றிலுள்ள கரியமில வாயு ஆண்டுக்கணக்கில் மெல்ல உள்ளே ஊடுருவிக் காரத்தைக் குறைத்துக்கொண்டே வருகிறது, பி.எச். 9-ஐ ஒட்டி இறங்கிவிட்டால் கம்பிக்கு அந்தப் பாதுகாப்பு போய்விடும். இந்த ஊடுருவலின் ஆழம் காலத்தின் வர்க்கமூலத்தை ஒட்டி வளர்வதால், 15 ஆண்டில் 10 மில்லிமீட்டர் சென்றது 60 ஆண்டில் ஏறத்தாழ 20 மில்லிமீட்டர் சென்றிருக்கும்; அந்தக் காலத் தளங்களில் கம்பிக்கு அடியில் இருந்த கான்கிரீட்டின் கனமே பல இடங்களில் அவ்வளவுதான். அதன்பின் ஈரம் சேர்ந்தால் கம்பி துருவேறும். துரு, அது தின்ற இரும்பைப் போலப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால், கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளந்து தள்ளும். தளத்தின் அடியில் கம்பி ஓடும் வாக்கில் நேர்கோட்டு விரிசல், பழுப்புக் கறை, பெயர்ந்து விழுந்த பூச்சு என்று நாம் காண்பவையெல்லாம் இதன் பிந்தைய அடையாளங்கள்.

முந்தைய அடையாளத்தைக் காதால்தான் கேட்க முடியும். சிறு சுத்தியலால் தளத்தின் அடிப்பகுதியை, அதாவது அறைக்குள் நின்றால் தலைக்கு மேல் தெரியும் பக்கத்தை, ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே போங்கள். கெட்டியான இடம் ‘டங்’கென்று கூர்மையாக ஒலிக்கும், உள்ளே பிளவு விழுந்த இடம் ‘பொத்’தென்று தாழ்ந்து ஒலிக்கும். ஒலி மாறும் எல்லையைச் சாக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டால், எவ்வளவு பரப்புப் பழுதடைந்திருக்கிறது என்ற வரைபடமே கிடைத்துவிடும். மேலே குளியலறை உள்ள இடம், மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி நிற்கும் இடம், வெளியே நீட்டிய பால்கனி, சன்ஷேடு ஆகியவற்றை விட்டுவிடக் கூடாது. நீட்டிய பால்கனிக்கு முதன்மைக் கம்பிகள் தளத்தின் மேல்பக்கம் இருக்கும், எனவே கீழிருந்து பார்க்க நன்றாக இருப்பதை வைத்து அதை மட்டும் நம்பிவிடாதீர்கள். ஐயம் இருந்தால், ஓரிடத்தில் சிறிது கொத்தி, புதிதாக உடைத்த பரப்பில் பீனால்ப்தலீன் கரைசலைத் தெளிக்கச் சொல்லுங்கள்: காரம் மிஞ்சியிருக்கும் கான்கிரீட் இளஞ்சிவப்பாக மாறும், காரம் இழந்தது நிறம் மாறாமல் நிற்கும், நிறம் மாறும் எல்லைக்குள் கம்பி எங்கே இருக்கிறது என்பதைக் கண்ணாலேயே காணலாம். காரம் இழந்திருந்தும் கம்பி உலர்ந்தே இருந்தால் துரு மிக மெதுவாகவே நகரும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஈரத்தை நிறுத்த முடிந்தால் பல தளங்களைக் காப்பாற்றிவிடலாம்.

ஈரம் என்று வந்தபின் சுவர்களைப் பார்ப்போம். தரையிலிருந்து ஏறும் ஈரம் பெரும்பாலும் ஒரு மீட்டர் உயரத்தை ஒட்டி நின்று, அங்கே அலை போன்ற ஒரு கறைக்கோட்டை விட்டிருக்கும். அதற்குக் கீழே பூச்சு பொரிந்து, வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். மேலிருந்து இறங்கும் ஈரத்தின் கறை, குழாயும் வடிகாலும் போகும் வழியைத் தொடரும். வரவேற்பறையில் காரணமே இல்லாமல் ஒரு மீட்டர் உயரத்துக்கு ஓடு பதித்திருந்தாலோ, பலகை அடித்திருந்தாலோ, சுவரின் கீழ்ப்பகுதி மட்டும் புதுப்பூச்சாக இருந்தாலோ, பின்னால் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். வீடு முழுவதும் புதிதாக வண்ணம் பூசியதை மட்டும் வைத்து விற்பவர்மேல் ஐயப்பட வேண்டாம், விற்க நினைப்பவர் பலரும் செய்வதுதான் அது. ஒரே ஒரு சுவரில் மட்டும் வண்ணம் புதிதாக இருப்பதே நான் நின்று பார்க்கும் இடம். பீரோவையும் கட்டிலையும் நகர்த்திப் பார்க்க அனுமதி வாங்குங்கள்.

பழைய வீடுகளில் நான் காணும் ஈரக்கோளாறுகளில் கணிசமானவை வயதால் வந்தவை அல்ல, தவறான பழுதுபார்ப்பால் வந்தவை என்பதை வருத்தத்தோடு சொல்கிறேன். சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவர் ஈரத்தை இழுத்தாலும் மேற்பரப்பு வழியே வெளியே விட்டுவிடும்; சற்று நெளிந்தும் கொடுக்கும். அதன்மேல் கெட்டியான சிமென்ட் பூச்சும், காற்று புகாத பெயின்ட்டும் அடித்துவிட்டால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, பூச்சைத் தள்ளிக்கொண்டு வரும், அல்லது இன்னும் உயரம் ஏறி வெளியேற வழி தேடும். உங்கள் வீட்டின் பூச்சில் சிறு துண்டு பெயர்த்து, செங்கல்களுக்கு இடையே உள்ள காரையைச் சாவியால் கீறிப் பாருங்கள். மாவாக உதிர்ந்து வெண்மையாக இருந்தால் பெரும்பாலும் சுண்ணாம்பு, சாம்பல் நிறத்தில் கீற முடியாமல் இருந்தால் சிமென்ட். சுண்ணாம்பு என்றால், பழுதுபார்க்கும் செலவைக் கணக்கிடும்போது அந்த வேலை தெரிந்த கொத்தனாரின் கூலியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மரத்திலும் உயிருள்ள குறையையும் இறந்த குறையையும் பிரிக்க முடியும். உளுத்த மரத்தின் துளைகள் கறுத்து, உள்ளே தூசி அடைத்திருந்தால் வண்டு எப்போதோ போய்விட்டது. துளையின் கீழே வெளிர்நிற மாவு புதிதாக உதிர்ந்திருந்தால் இன்னும் உள்ளே இருக்கிறது. கரையானுக்கு, சுவரோரம் பென்சில் பருமனில் ஏறும் மண் குழலை ஓரிடத்தில் உடைத்துவிட்டு, சில நாள் கழித்து வந்து பாருங்கள். திரும்பவும் மண்ணால் அடைத்திருந்தால் கூட்டம் உயிரோடு இருக்கிறது. நிலைப்படியின் அடிப்பாகத்தைத் திருப்புளியால் குத்திப் பார்ப்பதும் அவசியம்.

மின்கம்பிகளையும் குழாய்களையும் நான் குறையாகவே எண்ணுவதில்லை. 60 ஆண்டு வீட்டில் அவற்றை மாற்றித்தான் ஆக வேண்டும் என்று வைத்துக்கொண்டு, விலையில் கழிப்பேன். முன்பே மாற்றியிருந்தால் அது லாபம். பழைய ரப்பர் உறையுள்ள கம்பி தொட்டாலே நொறுங்கும். எர்த் இணைப்பு எல்லாப் பிளக் இடங்களிலும் இருக்கிறதா, 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் காப்புச் சுவிட்சு இருக்கிறதா என்று மின்பணியாளரைக் கொண்டு பார்க்க வேண்டும். ஜி.ஐ. குழாய்கள் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்கள்) உள்ளே துருவேறிக் குறுகிப்போவதால், ஒரு குழாயைத் திறந்துவைத்து இன்னொன்றையும் திறந்தால் முதலாவதில் தண்ணீர் மெலிந்துவிடும். காலையில் முதலில் வரும் நீர் பழுப்பாக இருக்கும். காந்தம் ஒட்டாமல், கீறினால் வெள்ளி போல மின்னும் மெத்தென்ற சாம்பல்நிறக் குழாய் இருந்தால் அது ஈயம், அதை விட்டுவைக்கக் கூடாது. பழைய பெயின்ட்டிலும் ஈயம் இருக்கலாம் (அமெரிக்காவில் வீடுகளுக்கு அதைத் தடைசெய்ததே 1978-இல்தான்), ஆகவே குழந்தைகள் உள்ள வீட்டில் அதை உலர் முறையில் தேய்த்து எடுக்க வேண்டாம். ஆஸ்பெஸ்டாஸ் கூரையோ குழாயோ இருந்தால், அறுக்கவோ துளைக்கவோ செய்யாமல் உரிய பாதுகாப்போடு அகற்றும் செலவைக் கணக்கில் எடுக்க வேண்டும். கழிவுநீர்க் குழியின் மூடிகளைத் திறந்து, மாடியில் வாளிநீரை ஊற்றி அது தடையின்றி வந்து ஓடுகிறதா என்று பாருங்கள். மண்குழாய்களின் இணைப்பு வழியே வேர் நுழைந்திருப்பது பழைய மரங்கள் அடர்ந்த பகுதிகளில் சாதாரணமாகக் காண்பது, கேமரா விட்டுப் பார்த்தால் ஐயமே இருக்காது.

இனி வீட்டுக்கு வெளியே. பழைய பகுதிகளில் பலரும் கவனிக்காத ஒன்று சாலையின் உயரம். பழைய சாலையைச் சுரண்டாமல் அதன்மேலேயே மீண்டும் மீண்டும் தார் போடுவதால் சில பத்தாண்டுகளில் சாலை உயர்ந்து, வீடு பள்ளத்தில் நின்றுவிடும். வாசலில் எத்தனை படி ஏறினீர்கள் என்பதைப் பாருங்கள், படிகளில் அடிப்படி மண்ணுக்குள் புதைந்திருந்தால் காரணம் புரியும். சுவரில் ஈரம் ஏறாமல் தடுக்கப் போட்ட அடுக்கும் அப்போது மண்மட்டத்துக்குக் கீழே போய்விட்டிருக்கும். இயன்றால் ஒருமுறை நல்ல மழையில் போய்த் தெருவில் நின்று, தண்ணீர் எங்கிருந்து எங்கே போகிறது என்று பாருங்கள். தளம், சுவர், அஸ்திவாரம் மூன்றையும் பற்றி வேறெந்த நாளும் காட்டாததை அந்த ஒருமணி நேரம் காட்டும்.

பக்கத்து மனைகளையும் பாருங்கள். பழைய வீட்டின் அஸ்திவாரம் ஆழம் குறைந்ததாக இருக்கும். பக்கத்து வீட்டை இடித்துத் தரையடித் தளத்தோடு அடுக்ககம் கட்டத் தோண்டினால், அதுவரை அசையாத உங்கள் சுவர் அசையத் தொடங்கலாம். அந்தப் பகுதியில் எத்தனை மாடி வரை அனுமதி உண்டு, சாலை விரிவாக்கத் திட்டம் ஏதும் இருக்கிறதா, பாதுகாக்கப்பட வேண்டிய கட்டடம் என்ற வரையறைக்குள் வீடு வருகிறதா என்பதை நகர அமைப்பு அலுவலகத்தில் கேட்டறியுங்கள். அங்கீகரித்த வரைபடத்தை வாங்கி, அறை அறையாக ஒப்பிட்டுப் பாருங்கள். வரைபடத்தில் இருந்தும் வீட்டில் இல்லாத சுவர் எனக்கு மிகவும் கவலை தருவது, ஏனெனில் மேல்சுவரின் பாரம் இப்போது எதன்மேல் நிற்கிறது என்ற கேள்விக்கு விடை தேட வேண்டியிருக்கும். உரிமை ஆவணங்களைச் சொத்துச் சட்டம் அறிந்த வழக்கறிஞரிடம் கொடுங்கள்; பல கை மாறிய, வாரிசுகள் பலர் உள்ள வீடு என்றால் அனைவரின் ஒப்புதலும் இல்லாமல் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

விலையைப் பொறுத்தவரை, மனையின் மதிப்பையும் கட்டடத்தின் மதிப்பையும் தனித்தனியாக எழுதிக்கொள்வது என் வழக்கம். மனைக்கு வயதில்லை. கட்டடத்துக்கு, அதே அளவில் இன்று புதிதாகக் கட்ட ஆகும் செலவில், அதற்கு எஞ்சியிருக்கும் ஆயுளுக்கு உரிய பங்கை மட்டும் கொடுத்து, உடனடிப் பழுதுகளைக் கழித்து, சுவரை உடைத்தபின் தெரியவரப்போகும் வேலைகளுக்காகப் பழுதுச் செலவில் ஐந்தில் ஒரு பங்கையாவது கூட்டி வைத்துக்கொள்ள வேண்டும். தளத்தைத் தட்டிக் குறித்ததில், ஒலி கெட்ட பரப்பு பாதிக்கு மேல் என்று வந்தால் நான் கட்டடத்துக்கு மதிப்பே போடமாட்டேன். மனையின் விலையிலிருந்து இடிக்கும் செலவைக் கழித்துத்தான் பேசச் சொல்வேன்.

மேலே இன்னொரு மாடி எழுப்பலாமா என்று கேட்டீர்கள். அதை நம்பி இன்று ஒரு காசும் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். அஸ்திவாரம் தாங்கும் என்று விற்பவர் சொல்வதை ஆதாரமாகக் கொள்ள முடியாது. அவருக்கே தெரியாமல் இருக்கலாம். வெளிச்சுவரை ஒட்டி இரண்டு இடங்களில் குழி தோண்டி, அடித்தளத்தின் அகலத்தையும் ஆழத்தையும் அளந்து, அடிமண்ணைச் சோதித்து, கீழ்த்தளச் சுவர்களின் கனத்தையும் சேர்த்துக் கணக்கிட்ட பிறகே ஒரு பொறியாளர் பதில் சொல்ல முடியும். முன்பணத்துக்கு முன் அந்தக் குழிகளைத் தோண்ட அனுமதி கேளுங்கள்; ஒரு நாள் வேலைதான், தோண்டிய இடத்தைப் பழையபடி மூடிக்கொடுப்பதாக எழுதியும் கொடுங்கள். மறுத்துவிட்டால், உள்ளபடியே ஒரே மாடியோடு இருக்கும் வீடாக மட்டும் அதை மதிப்பிட்டு, அந்த விலை உங்களுக்குக் கட்டுப்படியாகிறதா என்று பாருங்கள்.